அப்பாவோட எஸ்டேட் வண்டி

டாடா எஸ்டேட் ஞாபகம் இருக்கா? 1992-ல் வந்த நீளமான டீசல் கார். பின்சீட்டை மடிச்சா பாதி டெம்போ. அப்பா எங்களைப் பள்ளிக்கூடத்துக்கும் தக்காளிப் பெட்டிகளைச் சந்தைக்கும் கொண்டுபோனது அதில்தான். அவர் போனபிறகு 6 வருஷம் புளியமரத்தடியிலேயே நின்னுச்சு.

போன தை மாசம் பட்டறைக்கு இழுத்துட்டுப் போனேன். 1948 சிசி இன்ஜின் பெரிசா படுத்தலை. டீசல் பம்பையும் நாசிலையும் சர்வீஸ் பண்ணதும் ஸ்டார்ட் ஆயிருச்சு. அடித்தகடுதான் மோசம். கார்பெட்டுக்குக் கீழே ஈரம் தங்கித் தங்கி, கை வச்சாலே பொடியா உதிர்ந்துச்சு. வெட்டி எடுத்துட்டு, புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணோம். 15 வருஷம் தாண்டின வண்டி. எஃப்சி காட்டி ஆர்சியை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு.

கடைசியா, ஆசைப்பட்டு சாம்பல் கலர்ல புதுக் கார்பெட் போட்டேன். அம்மா சுத்திச் சுத்திப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க:

"இதுல எப்படிப்பா தக்காளி ஏத்துவே?"

மறுநாளே கார்பெட்டைப் பிரிச்சேன். தகட்டுக்கு ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு, அதுக்கு மேல கழட்டிக் காயவைக்கிற மாதிரி ஒரு பலகை.

வெள்ளிக்கிழமை சந்தைக்கு 12 பெட்டி போச்சு. முன்சீட்டில் அம்மா.