நட்பு நரம்பு

கொஸ்லந்தைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பித்துவரும் நாம், எமது மாணவர்களோடு சேர்ந்து அண்மையில் புதிய கல்வி ஒன்றைத் தொடங்கினோம். கிற்றார் வாசிக்க அன்று. அவ்வளவு தூரம் இன்னும் போகவில்லை. அதற்குச் சுருதி சேர்க்கவே கற்றுக்கொண்டிருக்கிறோம்.

வெளியூரில் தொழில் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் அந்தக் கிற்றாரை அன்பளிப்பாகத் தந்தார். எமது பாடசாலைக்கு இசையாசிரியர் இல்லை. "நீங்கள் தமிழ் படித்தவர், யாழைப் பற்றியெல்லாம் தெரிந்திருக்குமே" என்று சொல்லி, அதிபர் அதை எம்மிடம் ஒப்படைத்துவிட்டார்.

தெரிந்துதான் இருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும், விபுலானந்த அடிகளின் உழைப்பில் விளைந்து 1947இல் வெளிவந்த யாழ் நூலையும் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறோம். நரம்புகளுக்கிடையே இணை, கிளை, நட்பு, பகை என்னும் உறவுகள் உண்டென்று விடைத்தாள் நிறைய எழுதிப் பட்டமும் பெற்றிருக்கிறோம். ஆனால், ஒரு நரம்பையேனும் எமது கையால் முறுக்கியதில்லை. முறுக்கினால் என்ன கேட்கும் என்பதும் தெரியாது.

முதலில் கையடக்கத் தொலைபேசியை நம்பினோம். சுருதி காட்டும் செயலி ஒன்று அதில் இருந்தது. கம்பியை மீட்டினால் சுரத்தின் பெயர் தோன்றும். முள் நடுவே வந்து நின்றால் சரி. கடைசியில், மிக மெல்லிய முதற்கம்பிக்கு வந்தோம். அதற்குரிய சுரத்தை அது முன்னரே தாண்டிவிட்டதை நாம் உணரவில்லை. அதே பெயர் மறுபடியும் தோன்றுமென்று முறுக்கிக்கொண்டே போனோம். கம்பி படீரென்று அறுந்து புறங்கையில் கோடு கிழித்தது.

மாற்றுக் கம்பி வாங்கப் பண்டாரவளைக்குப் போகவேண்டியிருந்தது. பேருந்துக் கட்டணமும் கம்பித் தொகுதியின் விலையுமாக, தோட்டத்தில் ஒருவர் முழுப்பேர் போட்டு உழைக்கும் நாட்கூலியை அது விழுங்கிவிட்டது. கொழுந்தின் நிறை போதாமல் அரைப்பேரோடு வீடு திரும்பும் தாய்மாரின் பிள்ளைகள் சுற்றி நின்று எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி முள்ளை மட்டும் நம்புவதில்லை, காதைப் பழக்குவது என்று அன்று தீர்மானித்தோம்.

காதால் சுருதி சேர்க்கும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. தடித்த ஆறாம் கம்பியை ஐந்தாம் மெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் ஒலியும், ஐந்தாம் கம்பியை அழுத்தாமல் மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றாயிருக்கவேண்டும். அவ்வாறே ஐந்தாம் கம்பியைக் கொண்டு நான்காவதையும், நான்காவதைக் கொண்டு மூன்றாவதையும் சேர்க்கவேண்டும். மூன்றாவதைக் கொண்டு இரண்டாவதைச் சேர்க்கும்போது மட்டும் நான்காம் மெட்டு. பிறகு முதற்கம்பிக்கு மீண்டும் ஐந்தாம் மெட்டு. இரண்டு ஒலிகளும் சற்றே பிசகியிருந்தால் அவற்றினிடையே ஓர் அலைவு கேட்கும். செக்கனுக்கு 110 தடவை அதிரவேண்டிய ஐந்தாம் கம்பி 108 தடவையே அதிருமானால், அந்த அலை செக்கனுக்கு இரண்டு முறை எழுந்து விழும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும், சேர்ந்துவிட்டால் அடங்கிவிடும்.

இதைச் செய்துகொண்டிருந்த ஒரு மாலையில்தான் பழைய பாடம் எமக்கு விளங்கிற்று. நின்ற நரம்பை ஒன்றெனக் கொண்டு எண்ணினால் நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்று உரைகள் வகுத்துள்ளன. கிற்றாரின் ஆறு கம்பிகளுக்கிடையே உள்ள ஐந்து உறவுகளில் நான்கு, அந்த நட்பேதான்! மூன்றாம் கம்பிக்கும் இரண்டாம் கம்பிக்கும் இடையிலுள்ளது மட்டும் பகை. அந்த ஒரு பகையும் இருப்பதால்தான் பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்யும் பிடிகள் விரல்களுக்கு எளிதில் அகப்படுகின்றன. மனப்பாடம் செய்திருந்த ஒரு சூத்திரம் அன்றுதான் எமது காதுக்குள் நுழைந்தது.

எம்மைவிட விரைவாக மாணவர்கள் கற்றார்கள். அவர்களுள்ளும் பத்தாம் தரத்து மாணவன் ஒருவன் தனித்து நின்றான். சேர்ந்துவிட்டதென்று நாம் கையை எடுத்தால், தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இன்னும் அலையுது சேர்" என்பான். அவன் சொன்னது சரியாகவே இருக்கும்.

"இந்தக் காது உனக்கு எங்கிருந்து வந்தது?" என்று ஒருநாள் கேட்டோம்.

அவன் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து வேறொருவன் சொன்னான்: "அவன் தாத்தா தப்படிக்கிறவரு சேர்." வகுப்பு சிரித்தது. அவன் தலை கவிழ்ந்தது.

அந்தச் சிரிப்பில் எமக்கும் பங்குண்டு. முந்திய ஆண்டுக் கலைவிழாவில் காமன் கூத்தின் ஒரு பகுதியைத் தப்போடு ஆடிக்காட்ட மாணவர் சிலர் விரும்பினார்கள். பாடசாலை மேடைக்கு அது பொருந்தாதென்று நிகழ்ச்சி நிரலிலிருந்து அதை வெட்டியவர் நாமே. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்திருக்கிறார் என்று வகுப்பில் சொன்ன அதே வாயால், அதை மேடைக்கு வெளியே நிறுத்தினோம்.

அடுத்த ஞாயிறன்று அந்தப் பெரியவரைத் தேடி லயத்துக்குப் போனோம். மலை முழுவதும் மூட்டம். "இந்தக் குளிர்ல தோலு தொங்கிப் போயிருமுங்க சேர்" என்றவர், காய்ந்த மானாப்புல்லைக் குவித்துத் தீ மூட்டினார். தப்பை எட்டப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இடையிடையே விரலால் ஓரத்தைச் சுண்டி, வட்டம் முழுவதையும் சோதித்தார். மந்தமாக இருந்த ஒலி சிறிது சிறிதாக உயர்ந்து தெளிந்தது. "சுத்தி ஒரே கொரலா வரணுமுங்க. ஒரே எடத்துல காட்டுனா வெடிச்சிரும்." எமது புறங்கைக் கோடு நினைவுக்கு வந்தது. முள்ளும் செயலியும் இல்லாமல் அவர் செய்தது, நாம் வாரக்கணக்காகத் தடுமாறிய அதே வேலை.

அவருடைய தகப்பனார் விடியலில் பெரட்டுக்குத் தப்படித்து ஆட்களை எழுப்பியவர். இவர் சாவு வீடுகளுக்கு அடித்தார். அழைத்தால் போகவேண்டும், மறுக்க முடியாது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அவருடைய மகன், தன் பிள்ளை இதைத் தொடவே கூடாதென்று கட்டளையிட்டிருக்கிறார். அந்த மகனை எப்படிக் குறை சொல்வது? சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட ஊழியத்தை உதறுவது அவருடைய உரிமை. "நம் கலை" என்று மேடையேறிப் பெருமை பேசிவிட்டு, சாவு வீட்டுத் திண்ணைக்கு வெளியே அவர்களை நிறுத்துகிறவர்களுக்கு அந்தக் கட்டளையைக் கண்டிக்க என்ன அருகதை இருக்கிறது? ஆனால், உதறவேண்டியது கட்டாயத்தை, அறிவையன்று. ஒரு பிள்ளை தன் தாத்தாவின் செவிக்கூர்மையை வெட்கப்பட்டு மறைக்கவேண்டியிருந்தால், அந்த வெட்கத்தைக் கற்பித்தவர்கள் யாரென்று ஆசிரியர்களாகிய நாம் எம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

கேளாமையின் விலை இந்த மண்ணுக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானதென்ற எச்சரிக்கை முந்தைய ஆண்டுகளிலேயே விடுக்கப்பட்டிருந்தது. சொல் இருந்தது, அதைச் செயலாக்கும் செவி இருக்கவில்லை.

ஒலியைப் பற்றிய விஞ்ஞானப் பாடம் நடந்த நாளில் பெரியவரை வகுப்புக்கு அழைத்தோம். மேடைக்கன்று; கற்பிப்பதற்கு. ஆசிரியருக்குரிய கதிரையைக் காட்டியபோது, "நான் நிக்கிறேனுங்க" என்றார். மூன்றாம் முறை சொன்ன பிறகே அதன் விளிம்பில் அமர்ந்தார். சூடு தோலை இறுக்கும், ஈரம் தளர்த்தும், இறுகினால் அதிர்வு மிகும் என்பதைப் புத்தகம் இல்லாமல் முற்றத்துத் தீயில் காட்டினார். அன்று யாரும் சிரிக்கவில்லை. புல்லை ஏந்தி நின்றவன் அவருடைய பேரன்தான். அவன் தப்பைத் தொடுவானா மாட்டானா என்பது அவனும் அவன் தகப்பனாரும் தீர்மானிக்கவேண்டியது. அதில் எமது விருப்பத்தைத் திணிக்க மாட்டோம்.

புறப்படும்போது பெரியவர் கிற்றாரைப் பார்த்தார். தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டு, ஒவ்வொரு கம்பியாகச் சுண்டினார். இரண்டாவதில் நின்றார்.

"இது கொஞ்சம் கீழ நிக்குதுங்க சேர்."

மூன்றாம் கம்பியை நான்காம் மெட்டில் அழுத்திப் பார்த்தோம். அலைந்தது. முறுக்காணியை அவருடைய பேரனிடம் விட்டுவிட்டு நாம் கேட்டுக்கொண்டு நின்றோம்.