சங்கடியும் கோழிக் குழம்பும்

மேனாட்டார் ரொட்டித் துண்டின்மேல் இறைச்சியை அடுக்கி, மசித்த உருளைக்கிழங்கை அருகில் வைத்து, சுடச்சுடக் குழம்பை ஊற்றி உண்பார்களாம். சித்தூரில் பிறந்த எனக்கு அதில் வியப்பில்லை. எங்கள் கேழ்வரகுச் சங்கடியும் நாட்டுக்கோழிக் குழம்பும் அதற்கு உறவுதானே!

அரிசி குழைய வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி மூடிவைப்பாள் அம்மா. மாவு வெந்தபின் கட்டி விழாமல் துடுப்பால் கிண்டி, ஈரக்கையால் உருண்டை பிடிப்பாள். நடுவே குழி செய்து குழம்பை ஊற்றினால், மெல்லாமலே விழுங்கலாம்.

1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சென்னைக்குப் போனால் என்னைத் தெலுங்கன் என்கிறார்கள். திருப்பதியிலோ தமிழன் என்கிறார்கள். தமிழர் களி என்பதைத் தெலுங்கர் சங்கடி என்பர்; எங்கள் வீட்டில் இரண்டும் வழங்கும். நண்பர்களே, வழக்கைப் பிறகு பேசுவோம். சங்கடி ஆறுவதற்குள் வாருங்கள்!