அக்கா எடுத்த பாடம்

உயிர்வேதியியலில் முதுகலை பயிலும் நான், ஹெப்பகோடியில் ஓர் அறையில் குடியிருக்கிறேன். என் அக்கா தருமபுரிப் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்தவள். தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்பிரிவும் உடன் வந்தது. அப்பிரிவில் அவள் எடுத்த பாடம் செவிலியம். "மதிப்பெண் குறைந்தவர் புகும் வகுப்பு" என்று ஊரார் ஏளனம் செய்தனர். நானும் செய்தேன்.

சென்ற கோடையில் அக்கா இங்கு வந்திருந்தாள். நள்ளிரவில் அடுத்த வீட்டுக் கன்னடத் தாய் கதவைத் தட்டினாள். குழந்தைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, கண்கள் குழிவிழுந்திருந்தன. குடலில் குளுக்கோசும் சோடியமும் இணைந்தே உட்செல்கின்றன என்று 1960-இல் ராபர்ட் கிரேன் சொன்னதையும், நீர் அவற்றைப் பின்தொடரும் என்பதையும் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ஆயினும் கையைப் பிசைந்து நின்றேன்.

அக்காவோ, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தாள். சிறுகச் சிறுகப் புகட்டியபடியே, "போய் ஆட்டோ பிடித்து வாடா!" என்றாள். மருத்துவமனை சேரும் வரை அவள் கை ஓயவில்லை. குழந்தை பிழைத்தது.

"இதை எங்கே கற்றாய், அக்கா?" என்று விடியலில் கேட்டேன்.

"நீ சிரித்தாயே, அந்த வகுப்பில்தான்."

காரணம் அறிந்தவன் நான். காரியம் அறிந்தவள் அவள். இரண்டும் கல்வியே அல்லவா? விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, அப்பாடத்தை விரும்பும் தங்கையைக் கண்டால் சிரிக்காதீர்கள். நான் சிரித்த கடன் இன்னும் தீரவில்லை.