பழைய டீசல் என்ஜின்கள் எங்கே போயின?

எங்கள் குண்டலுபேட்டைக்கு இருப்புப்பாதை கிடையாது. வடக்கே நஞ்சன்கூடு, கிழக்கே சாமராஜநகர். இவ்விரண்டும்தாம் எங்களுக்கு அண்மையிலுள்ள ரயில் நிலையங்கள். எங்கள் ஊரின் வாழ்க்கை முழுவதும் சாலையோடு பிணைந்தது. உதகைக்கும் வயநாட்டுக்கும் வழி பிரிகின்ற ஊர் இது. பந்திப்பூர்க் காட்டுச் சாலையை 2009 முதல் இரவு 9 மணிக்கு அடைத்துக் காலை 6 மணிக்குத்தான் திறக்கிறார்கள். ஆகவே விடியுமுன் எங்கள் ஊரில் லாரிகளின் வரிசையைக் காணலாம். இத்தகைய ஊரில் குடியிருந்துகொண்டு நான் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கிறேன். நாள்தோறும் பேருந்தில் சென்று ரயிலுக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டு, மீண்டும் பேருந்திலேயே வீடு திரும்புகிறேன். நண்பர்கள் இதைச் சொல்லி நகைப்பதுண்டு.

நம் சங்கத்து அன்பர் ஒருவர் அண்மையில் என் வீட்டிற்கு வந்திருந்தபோது, சுவரிலும் பெட்டியிலும் இருந்த புகைப்படங்களைப் பார்த்து வியந்தார். “நீராவி என்ஜினைப் படமெடுத்தால் பொருளுண்டு, அழுக்கேறிய இந்த டீசல் என்ஜின்களை எதற்கு ஐயா எடுத்து வைத்திருக்கிறீர்?” என்று கேட்டார். அவருக்கு அன்று சொன்ன மறுமொழியைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

நீராவி என்ஜினுக்கு அன்பர்கள் பலர். 1979-இல் தொடங்கப்பெற்ற மைசூர் ரயில் அருங்காட்சியகத்துக்குச் சென்றவர்கள் அறிவார்கள். மகாராணியின் பெட்டியும் பழைய நீராவி என்ஜின்களும் அங்கே வண்ணம் பூசிக்கொண்டு, குழந்தைகள் ஏறி விளையாட நிற்கின்றன. மின்சார என்ஜினோ இன்றைய காலத்துக்கு உரியது. இவ்விரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்காலம் நம்மைச் சுமந்தது டீசல் என்ஜின். நம் குடும்பங்கள் ஊரைவிட்டு வந்ததும், பொங்கலுக்கும் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் ஊர் திரும்பியதும் பெரும்பாலும் அதன் பின்னால்தான். ஆயினும் அதை நின்று பார்த்தவர் சிலரே. வீட்டில் எந்நேரமும் உழைப்பவரைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லையன்றோ!

டீசல் என்ஜின் என்று நாம் சொன்னாலும், உண்மையில் அது டீசலும் மின்சாரமும் கலந்த பொறியாகும். உள்ளேயுள்ள டீசல் பொறி சக்கரத்தை நேராகச் சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. அந்த மின்சாரம் அச்சுகளில் பொருத்திய மோட்டார்களுக்குச் சென்று வண்டியை இழுக்கிறது. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வகுத்த அமைப்பிலேதான் நம் நாட்டு டீசல் என்ஜின்களுள் மிகப் பல உருவாயின. 1962-இல் அங்கிருந்து அகலப்பாதைக்குரிய டபிள்யூ.டி.எம்.2 வகை வந்தது. 16 சிலிண்டர்கள், 2,600 குதிரைத்திறன். மீட்டர் கேஜுக்குரிய தம்பி ஒய்.டி.எம்.4, ஆறு சிலிண்டர்கள், ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன், 72 டன் எடை. வாராணசியில் டீசல் என்ஜின் தொழிற்சாலை அமைந்து, அங்கு உருவான முதல் என்ஜினை 1964 ஜனவரி 3 அன்று லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆல்கோ கம்பெனி 1969-இல் தன் பிறந்த நாட்டில் என்ஜின் கட்டுவதை நிறுத்திவிட்டது. அதன் பின்னரும் வாராணசியில் அவ்வகை என்ஜின்கள் பல ஆண்டுகள் பிறந்துகொண்டிருந்தன. தாய்வீடு மூடிய பிறகு புகுந்த வீட்டில் தழைத்த குடி அது.

அந்த என்ஜின்களின் கரும்புகையைப் பலர் பழிப்பர். அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஓட்டுநர் கைப்பிடியை மேல்நிலைக்குத் தள்ளியவுடன் எண்ணெய் மிகுதியாகப் பாய்ந்துவிடும். காற்றைத் திணிக்கும் டர்போ விசிறியோ தன் முழு வேகத்தை எட்டச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் எரியாத எண்ணெய்தான் கரும்புகையாக எழுகிறது. நிலையத்தைவிட்டு வண்டி நகரும் அந்தச் சில நொடிகளே படம் எடுப்பதற்கு உகந்த வேளை. வெள்ளைச் சட்டை அணிந்திருந்தவர்கள் என் கருத்தை ஏற்கமாட்டார்கள்.

என் முதற்படம் 2004-ஆம் ஆண்டில் எடுத்தது. அப்போது எனக்கு வயது பதினான்கு. என் தந்தையார் மைசூர் - சாமராஜநகர்ப் பாதையில் பாயிண்ட்ஸ்மேனாகப் பணியாற்றி வந்தார். அந்தப் பாதை அப்போது மீட்டர் கேஜ். நஞ்சன்கூட்டில் கபினி ஆற்றின்மேல் 1735-இல் கட்டப்பெற்றதாகச் சொல்லப்படும் பழைய கற்பாலத்தில், ஒரு பக்கம் மாட்டுவண்டியும் மனிதரும் போக, மறு பக்கம் ரயிலும் போய்வந்த காலம் அது. பாலத்தில் ஏறும்போது வண்டி நடைவேகத்தில் ஊர்ந்து செல்லும். என் சித்தப்பா பெங்களூரிலிருந்து ஒரு கோடாக் கே.பி.10 காமிரா கொண்டுவந்திருந்தார். சுருளில் மூன்று படங்கள் மிச்சமிருந்தன. “வீணாக்காமல் எடு” என்று என் கையில் தந்தார். நான் மூன்றையும் டீசல் என்ஜினுக்கே செலவழித்தேன். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, சித்தி சொன்னார்.

அவற்றில் ஒரு படம் மட்டும் தெளிவாக விழுந்தது. என்ஜின் நிலையத்தைவிட்டுக் கிளம்புகிறது, புகை மேலெழுகிறது, இடது ஓரத்தில் என் தந்தையார் பச்சைக்கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்ஜினுக்காகத்தான் எடுத்தேன், அவர் தம் வேலையாக அங்கே நின்றார். 2011-இல் அவர் பணியிலிருக்கும்போதே நோயுற்றுக் காலமானார். பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு இருந்த எனக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. திருமணத்தில் எடுத்தது, அடையாள அட்டைக்கு எடுத்தது என்று அவருடைய படங்கள் இன்னும் சில எங்களிடம் உண்டு. அவற்றில் அவர் காமிராவுக்காக விறைத்து நிற்கிறார். வேலை செய்யும் கோலத்தில் அவர் இருக்கும் படம் இது ஒன்றுதான். என் தாயார் அதைத்தான் சட்டமிட்டுப் பூஜை அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறார். என்ஜினைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை.

1992-இல் தொடங்கிய ஒற்றைப்பாதைத் திட்டம் நாடெங்கும் மீட்டர் கேஜை அகற்றி அகலப்பாதையை இட்டது. எங்கள் பாதை 2008-இல் அகலமாயிற்று. அதனால் நன்மையே விளைந்தது. சாமராஜநகரிலிருந்து திருப்பதிவரை பெட்டி மாறாமல் போகலாம் என்பதைச் சிறு நன்மையாக நான் எண்ணவில்லை. வண்டி மாறும் தொல்லையை மூட்டை முடிச்சுகளோடு அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தந்தையாரின் பூர்வீகம் போடிநாயக்கனூர்ப் பக்கம். 1928-இல் திறந்த மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை 2010-ஆம் ஆண்டு இறுதியில் மூடப்பட்டது. அந்த மார்கழியில் பாட்டியைப் பார்க்கச் சென்றபோது நான்கு படங்கள் எடுத்தேன். தேனிவரை அகலப்பாதை வண்டி வர 2022 மே மாதம் ஆயிற்று. போடிக்கு 2023 ஜூனில்தான் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர் ரயிலின்றி இருந்தது. பாட்டி அந்த வண்டியைப் பார்க்கவில்லை.

இனி, பாதை போனபின் என்ஜின்கள் எங்கே போயின என்பதற்கு வருகிறேன்.

டீசல் என்ஜினுக்கு 36 ஆண்டுகள் ஆயுள் என்று ரயில்வே கணக்கு வகுத்திருக்கிறது. ஆயுள் தீர்ந்தாலோ, அதற்குரிய பாதையே இல்லாமற் போனாலோ அது ‘கண்டம்’ ஆகிறது. பணிநீக்கம் செய்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எங்கள் தொழிலாளர் நெடுங்காலமாக இப்படித்தான் வழங்குகிறார்கள். தமிழில் கண்டம் என்றால் ஆபத்து என்பதும் பொருத்தமாய் அமைந்துவிட்டது. பயன்படும் உறுப்புகளை முதலில் கழற்றி வைப்பார்கள். எஞ்சியதை ஏலத்தில் விடுவார்கள். மோட்டாரின் செம்புக்கு ஒரு விலை, உடலின் இரும்புக்கு ஒரு விலை. ஒருமுறை திருச்சி பொன்மலைக்குச் சென்றிருந்தபோது, ஓய்ந்த மீட்டர் கேஜ் என்ஜின்கள் சில நிற்கக் கண்டேன். கண்ணாடி போயிருந்தது, சக்கரங்களுக்கிடையே எருக்கஞ்செடி வளர்ந்திருந்தது, பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஏதோ எண் எழுதியிருந்தது. அது என்ஜினின் எண்ணன்று. ஏலப் பட்டியலின் எண். அங்கே படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லா என்ஜின்களும் அவ்வாறு முடியவில்லை. இதுதான் நம் வாசகர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் செய்தி. பல ஒய்.டி.எம்.4 என்ஜின்கள் கப்பலேறின! மலேசியா, மியான்மர், தான்சானியா ஆகிய நாடுகளின் பாதைகளும் நம்முடையதைப் போன்றே ஒரு மீட்டர் அகலமுடையவை. ஆகவே சக்கரத்தை மாற்றாமலே நம் என்ஜின்கள் அங்கு ஓட முடிந்தது. 1990களில் மலேசிய ரயில்வே அவற்றை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. அந்த நாட்டு இருப்புப்பாதைகளை இடுவதிலும் பேணுவதிலும் நம் தமிழ்நாட்டு மக்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அவர்கள் சென்று பல தலைமுறைகளுக்குப் பின் இந்த என்ஜின்களும் அதே கடலைக் கடந்து, அதே பாதையில் சுமை இழுத்தன. உள்ளூரில் வேலை போயிற்று. வெளியூரில் வேலை கிடைத்தது. இந்த வரலாறு நம் சங்கத்து உறுப்பினர் வீடுகளில் எத்தனை வீட்டு வரலாறு!

அகலப்பாதை டீசல்களுக்கும் இப்போது அந்தக் காலம் வந்துவிட்டது. மின்கம்பிகள் பெரும்பாலான பாதைகளுக்கு மேல் வந்துவிட்டன. 2020 ஜூலையில் பத்து டீசல் என்ஜின்களை இந்தியா வங்காளதேசத்துக்கு அளித்தது. 2023 மே மாதத்தில் இன்னும் இருபது சென்றன. வாராணசியில் இரண்டு சரக்கு டீசல் என்ஜின்களை இணைத்து, 10,000 குதிரைத்திறனுள்ள ஒரே மின்சார என்ஜினாக மாற்றி, 2019 பிப்ரவரியில் பிரதமர் கொடியசைத்து ஓடவிட்டார். தொழிற்சாலையின் பெயரிலிருந்தும் 2020-இல் டீசல் என்ற சொல் நீங்கிவிட்டது. புகை குறைவதும் எண்ணெய்ச் செலவு குறைவதும் நன்று. அதை மறுத்துப் பேச நான் வரவில்லை. ஓடுகின்ற டீசலை இன்றே பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

குண்டலுபேட்டை, மைசூர் அன்பர்களுக்கு அதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை நீராவி என்ஜின் மலையேற்றும் நீலகிரி ரயிலை, குன்னூரிலிருந்து உதகைக்கு இழுத்துச் செல்வது இந்த ஒய்.டி.எம்.4 டீசல்தான். எல்லோரும் கீழே நீராவியைப் படமெடுத்துவிட்டு, குன்னூரில் டீசல் மாட்டியதும் காமிராவைப் பையில் வைத்துவிடுகிறார்கள். நானோ அங்கேதான் பையைத் திறப்பேன். சென்ற கோடை விடுமுறையில் என் மகளை அழைத்துச் சென்றேன். வெல்லிங்டன் நிலையத்தில் அது உறுமிப் புறப்பட்டதும், “அப்பா, தாத்தா படத்தில் உள்ள வண்டி!” என்று அவள் கூவினாள். அதே வண்டியன்று, அதே வகை. அவளைத் திருத்த நான் முயலவில்லை.

படம் எடுப்போருக்கு அனுபவத்தில் கண்ட இரண்டொரு சொல். என்ஜினை மட்டும் எடுக்காதீர்கள். கைகாட்டி, நிலையப் பெயர்ப்பலகை, அருகில் நிற்கும் மனிதர் ஆகியவற்றையும் சேர்த்து எடுங்கள். தண்டவாளத்தில் இறங்கி எடுக்க வேண்டா. உயிருக்கும் கேடு, சட்டத்துக்கும் விரோதம். படத்தின் பின்புறம் பென்சிலால் ஊர், தேதி, என்ஜின் எண் மூன்றையும் எழுதிவையுங்கள். கைப்பேசியில் எடுப்பவர்களும் ஆண்டுக்கொருமுறை நல்லவற்றை அச்சிட்டு வைத்தல் நலம். எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் பழைய படங்களில் பூஞ்சை பிடிக்கும். ஆல்பத்தை இரும்புப் பீரோவின் அடித்தட்டில் வைக்காமல் காற்றோட்டமான மேல்தட்டில் வையுங்கள்.

என் 2004-ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றி ஒன்று மிச்சமிருக்கிறது. அந்த என்ஜின் ஏலத்துக்குப் போயிற்றா, கப்பலேறியதா, நீலகிரிக்குச் சென்றதா என்று தேடிப் பார்க்க எனக்கு நெடுநாளாக ஆசை. அதற்கு எண் வேண்டும். படத்தில் 64 என்னும் முதல் இரண்டு இலக்கங்கள் தெளிவாகத் தெரிகின்றன. அடுத்த இரண்டையும் தந்தையாரின் கொடி மறைத்துவிட்டது. அந்த ஆண்டுகளில் நஞ்சன்கூடு, சாமராஜநகர்ப் பக்கம் மீட்டர் கேஜ் வண்டியருகே நின்று குடும்பப் படம் எடுத்துக்கொண்ட அன்பர்கள் யாரேனும் இருந்தால், பின்னால் என்ஜினின் எண் தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். 64-இல் தொடங்கினால், சங்க அலுவலகத்தில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். படத்தைத் தர வேண்டியதில்லை, எண் போதும்.