புது வீட்டுக்கு ஒரு பலகைப் படம்

ஐப்பசியில் இந்த வேலையைத் தொடங்கியிருக்கக் கூடாது. பிளைவுட்டில் காடாத் துணியை ஒட்டி, சாக் பவுடரையும் பிசினையும் குழைத்துப் பூசி மூன்று நாளாகிறது. தொட்டால் இன்னும் விரலோடு வருகிறது. பிச்சாட்டூர் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு. போய்ப் பார்த்தேன். வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடக்கும் ஆரணியாற்றில் செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு போகிறது. இந்த ஈரக் காற்றில் எது காயும்?

*

படம் தம்பியின் புது வீட்டுக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பதினாறு வருஷமாக ஷிஃப்ட் வேலை, அத்தனை வருஷமும் வாடகை வீடு. சொந்த வீடு வேண்டும் என்று சிறுவாபுரி முருகனிடம் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நமக்கு அது பக்கத்து ஊர். ஆறு செவ்வாய்க்கிழமையும் நைட் ஷிஃப்ட் முடிந்து, தூங்காமல் அப்படியே பைக்கில் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தான்.

முருகன் படமே போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க்கா. வெண்ணெய்க் கண்ணன் போடு. வீட்டுக்குள்ள வந்து உக்காந்தா நிம்மதியா இருக்கணும்" என்றான்.

*

அவன் சொன்னது சரிதான். தஞ்சாவூர்ப் படத்துக் கண்ணனிடம் அவசரமே கிடையாது. உப்பிய கன்னம், மடிப்பு விழுந்த தொடை, முதுகுக்குத் திண்டு, கையில் வெண்ணெய் உருண்டை. சட்டம் முழுக்க அவனே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வளர்ந்த கண்ணனுக்குத்தான் நீல நிறம். குழந்தையாக இருக்கிறவரை வெள்ளை. பழைய படங்களில் பின்புறம் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. வயிறு நிறைந்த பிள்ளையின் முகத்தை இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்து எழுதிய மரபு வேறு இருக்கிறதா என்று அடிக்கடி யோசிப்பேன்.

*

மராட்டியர் காலத்தில் செழித்த கலை. முக்கியமாக இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரை. எழுதியவர்கள் தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்து ராஜுக்களும் மதுரைப் பக்கத்து நாயுடுக்களும். வீட்டில் தெலுங்கு பேசியவர்கள். எங்கள் ஊர்ப்பக்கமும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய, அதனாலேயே எனக்கு அவர்கள் தூரத்து உறவு மாதிரி. அன்றைக்குப் பலாப் பலகையில் எழுதினார்கள். பலகைப் படம் என்ற பெயரே அதனால்தான். பெரும்பாலான படங்களில் எழுதியவர் பெயர் இல்லை. அது எனக்கு வருத்தம். 2007-08இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊரின் பெயருக்கு.

*

ஆடியில் பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு பவானி அம்மனைச் சுற்றி வருகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அம்மாவும் ஒருமுறை சுற்றியிருக்கிறாள், தம்பிக்கு அம்மை இறங்கிய வருஷம். அவள் உடம்பில் கட்டியிருந்த தழை சாயங்காலத்துக்குள் வாடிவிட்டது. கடன் தீர்ந்தது என்றாள். நான் இப்போது பூசுகிற இந்தப் பலகையும் அந்தத் தழையும் ஒரே வகை என்றுதான் படுகிறது. இது வாட நாளாகும், அவ்வளவுதான்.

*

வெயில் வந்தது. உப்புத்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்து, படத்தை வரைந்தாயிற்று. கிரீடத்திலும் மாலையிலும் முதலில் ஜெய்ப்பூர் கற்கள். பிறகு மக்கு: சாக் பவுடரும் பசையும் குழைத்ததைத் தூரிகை நுனியில் எடுத்து, சொட்டுச் சொட்டாக வைத்து நகையையும் தூணையும் மேடாக்க வேண்டும். அது காய்ந்த பிறகே தங்க ரேக்கு. 22 காரட். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு வைக்கிறேன். பெருமூச்சு விட்டால் பறந்துவிடும். மேட்டின்மேல் வைத்துத் துணியால் ஒற்றினால், அடியில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் தங்கத்தில் எழுந்து வருகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிமிஷத்தில் மனசு நின்றுபோகிறது.

விலை குறைவு என்று ஜிகினாத் தாள் ஒட்டித் தருகிறவர்கள் உண்டு. சில வருஷத்தில் கறுத்துவிடும். நன்றிக்கு வைக்கிற படத்தில் அதைச் செய்யக் கூடாது. கையில் காசு குறைவாக இருந்தால் படத்தைச் சின்னதாகப் போடலாம்.

*

இதே ஆரணியாறு பழவேற்காட்டில் போய்ச் சேர்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கோட்டை கட்டி, இந்தக் கரையோரத்துச் சித்திரத் துணிகளைக் கப்பல் கப்பலாகக் கிழக்குத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். அந்தத் துணி ஒரு முழம்கூட எங்கள் ஊரில் யார் வீட்டிலும் நான் பார்த்ததில்லை. விற்க எழுதியது போய்விட்டது. வீட்டில் மாட்ட எழுதியது எங்கோ ஒரு பூஜை அறையில், கற்பூரப் புகை படிந்து, இன்னும் இருக்கிறது.

*

படத்தில் கண்ணனின் கண்ணைக் கடைசியில் திறந்தேன். குளித்துவிட்டு வந்து, விடிகாலையில்.

*

கிரகப்பிரவேசம் முடிந்தது. ஜன்னல் வெயில் நேராகப் படாத சுவரில் ஆணி அடித்தோம். மறுநாள் காலை ஏழரைக்கு நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த தம்பி, ஷூவைக் கழற்றிவிட்டு, சீருடையோடு படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறும்வரை அவன் எடுக்கவில்லை.