தில்லானாவைப் பார்க்காத அம்மம்மா

போன ஜூலையில் அக்காவின் மூத்த மகளுக்கு அரங்கேற்றம். ஸ்காபரோவில் மாலை 5 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் அதிகாலை 2.30. அம்மம்மா அந்த நேரத்திலும் நல்ல சீலை உடுத்திக்கொண்டு போனுக்கு முன்னால் இருந்தாவாம்.

வீடியோ எடுத்தது மச்சான். கலியாணம், அரங்கேற்றம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். "டேய், நேரடியா அனுப்ப ஒரு மலிவான வழி சொல்லு" என்று என்னிடம் கேட்டிருந்தார். நான் மென்பொருள் பொறியாளர் அல்லவா! இலவசத் தளம் இருக்கும்போது ஏன் காசு குடுப்பான் என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லிவிட்டேன்.

வர்ணம் வரை எல்லாம் நன்றாகப் போனது. இடைவேளையில் பிள்ளையின் சின்ன வயசுப் படங்களைத் திரையில் காட்டினார்கள், பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு. அந்தப் பாட்டைத் தளத்தின் மென்பொருள் அடையாளம் கண்டு, உரிமை இன்னொருவருடையது என்று ஒளிபரப்பையே நிறுத்திவிட்டது. முறையிடலாம்தான். பதில் தில்லானாவுக்கு முன் வராது. அம்மா மண்டப வாசலில் நின்று போனில் "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, இப்ப வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. வரவில்லை.

அடுத்த கிழமை மச்சானும் நானும் இருந்து கணக்குப் போட்டோம். 1080பி படத்தை நொடிக்கு 5 மெகாபிட்டில் அனுப்பினால், ஒருவர் ஒரு மணி நேரம் பார்க்க 2.25 ஜிபி. 3 மணி நேர அரங்கேற்றத்தை 80 வீடுகளில் பார்த்தால் 540 ஜிபி. அதையே 720பி, 2 மெகாபிட் என்று குறைத்தால் 216 ஜிபிதான். போனில் பார்க்கிற ஆட்களுக்கு அது தாராளம்.

காசு வாங்கும் சேவைகளில் இரண்டு வகை: மாதச் சந்தா, அல்லது பார்த்த அளவுக்குக் கட்டணம். மச்சானுக்கு மே முதல் செப்டம்பர் வரை மூச்சுவிட நேரமில்லை. பனிக்காலத்தில் செத்தவீடு மட்டும்தான். சும்மா கிடக்கும் மாதத்துக்கு ஏன் சந்தா? பார்த்த அளவுக்குக் கட்டும் வகையையே எடுத்தோம். கடைசியாகச் செய்த நிகழ்ச்சிக்கு வந்த பில் 41 டொலர். மேடைப் பூவுக்கே அதைவிடக் கூட.

ஆனால் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கவில்லை. படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல அளவுகளில் வைத்திருக்கும் சேவையா என்று கேட்டோம். அப்படி இருந்தால் இணைப்பு மெலியும்போது போன் தானாகவே சின்ன அளவை எடுத்துக்கொள்ளும். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் நிற்காது. ஒரே அளவில் மட்டும் அனுப்பினால் அம்மம்மாவுக்கு வட்டம்தான் சுத்தும். பாஸ்வேர்ட் கேட்கிற எதுவும் வேண்டாம் என்றும் முடிவு செய்தோம். வாட்ஸ்அப்பில் வரும் லிங்கைத் தொட்டதும் திறக்கவேண்டும்.

நீங்கள் மண்டபம் பிடிக்கும்போது சாப்பாடு, பார்க்கிங் எல்லாம் கேட்பீர்கள். மேடைப் பக்கம் வயர் இணைய இணைப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். மண்டபத்து வைஃபையை 300 விருந்தினரின் போன்களும் பங்கு போட்டால் எந்தச் சேவைக்குக் காசு கட்டியும் பிரயோசனம் இல்லை. கமராவுக்குள்ளேயும் ஒரு பதிவு ஓடட்டும். எங்களைக் காப்பாற்றியது அதுதான். அம்மம்மா தில்லானாவை நாலு நாள் கழித்துப் பார்த்தா. "வடிவா ஆடியிருக்கிறாள்" என்று சொன்னா. ஆனால் அன்று இரவு முழித்திருந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவ ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வருகிற ஆகஸ்டில் சின்னவளின் அரங்கேற்றம். போன ஞாயிறு அம்மம்மாவின் போனுக்கு ஒரு சோதனை லிங்க் அனுப்பினேன். படம் தெளிவு, சத்தமும் தெளிவு. எல்லாம் பார்த்து முடித்துவிட்டு அவ கேட்டா, "இந்த முறையும் நடுவில சினிமாப் பாட்டுப் போடுவியளோ?"