எட்டு வாரத் தமிழும் ஆடித் தபசும்

மேற்கே மலையிலிருந்து இறங்கும் காற்றில் சிவகிரித் தெருக்கள் புழுதியாகிக் கிடக்கும் ஆடி மாதத்தை நாம் ஒருபோதும் கோடை என்று எண்ணியதில்லை. பங்குனி, சித்திரைதான் நமக்குக் கோடை. ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்டு வரை கோடை விடுமுறை. அந்த விடுமுறையில் தமிழ் படிக்க மதுரைக்கு வந்திருந்த ஒரு மாணவியை, 2017ஆம் ஆண்டு ஆடித் தபசு பார்க்க அழைத்துச் செல்ல இயலுமா என்று மதுரை நண்பர் தொலைபேசியில் கேட்டார். முதுகலைத் தமிழ் பயின்று, கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நாம் இதைவிட எளிய வேலை வேறில்லை என்றே ஒப்புக்கொண்டோம்.

இத்தகைய படிப்பைச் சுற்றுலா என்று எண்ணியிருந்தது நம் அறியாமை. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா விழித்துக்கொண்டு 1958இல் ஒரு கல்விச் சட்டம் இயற்றியது. அதன் ஆறாம் பிரிவுதான் தமிழ் போன்ற மொழிகளை அங்கே பல்கலைக்கழகப் பாடமாக்கப் பணம் தந்தது. 1961இல் அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் தோன்றியது. அதன் தமிழ் வகுப்புகள் மதுரையில் நடப்பவை. அந்தச் சட்டத்தின் வழிவந்த ஃப்ளாஸ் உதவித்தொகை, கோடைப் படிப்புக்குக் கறாரான கணக்கு வைத்திருந்தது: குறைந்தது 6 வாரம், தொடக்க நிலையினர்க்கு 140 மணி நேரம், அதற்கு மேற்பட்டோர்க்கு 120 மணி நேரம் ஆசிரியர் முன் அமர்ந்து பயில வேண்டும். ஓராண்டில் கற்க வேண்டியதைக் கோடைக்குள் கற்றாக வேண்டும் என்பதே கருத்து. காலையில் வகுப்பு, மாலையில் தமிழ்க் குடும்பமொன்றில் வாசம், வாரந்தோறும் தேர்வு. பேச்சுத் திறனை அளக்கும் நேர்காணல் வேறு. அதில் மனப்பாடம் செல்லாது.

அம்மாணவிக்கு அந்த வாரம் தரப்பட்டிருந்த வேலை, திருவிழாவில் ஒருவரிடமாவது பேசிப் பதிவுசெய்து, பேசியவாறே எழுதி, வகுப்பில் தமிழில் விளக்குவது. நமது இரண்டாண்டு முதுகலையில் எவரும் நம்மிடம் இப்படியொன்றைக் கேட்டதில்லை. அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்று பிரித்துப் போட்ட மதிப்பெண்ணில் செவிக்கென்று ஒன்றுகூட இல்லை.

சங்கரன்கோவிலில் கொடியேறிய நாள்முதல் பக்தர்கள் கோயிலைச் சுற்றுவதை ஆடிச்சுற்று என்பர். 108 சுற்று நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. அரியும் அரனும் ஒன்றாய்த் தோன்ற வேண்டிக் கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்ற இடமாதலால், கால் நோவைப் பற்றி அங்கே யாரும் முறையிடுவதில்லை. புற்றுமண் வாங்குமிடத்தருகே அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் மாணவி பேச்சுக் கொடுத்தார். அவரும் "வா தாயி" என்று பக்கத்தில் இருத்திக்கொண்டார். "வெள்ளனே வந்தேன். மக சொகமாவணும்னு நேந்திருக்கேன். கால் கடுக்குன்னு உக்காந்தா மனசு கேக்க மாட்டேங்கு" என்றார்.

மாலையில் சிவகிரியில் நம் வீட்டுத் திண்ணையில் பதிவை ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்த மாணவி, "ஐயா, 'மாட்டேங்குது'ன்னுதான் எங்க புத்தகத்துல இருக்கு. இவங்க 'மாட்டேங்கு'ன்னு சொல்றாங்களே?" என்று கேட்டார். அது பிழை, 'மாட்டேன் என்கிறது' என்று எழுதிவிடுங்கள் என்றோம், சற்றும் தயங்காமல். அவர் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி, "தப்பாப் பேசினாங்களா, வேற மாதிரிப் பேசினாங்களா?" என்றார்.

அப்போது காப்பி கொண்டுவந்த நம் அன்னை நிலைப்படியில் நின்றுவிட்டார். அவரும் மாட்டேங்கு என்பவர்தான். முதுகலை படித்த காலத்தில், உடன்பயின்றோர் வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள், அவருடைய பேச்சை அவர்கள் முன்னிலையிலேயே நாம் திருத்தினோம். சிரித்துக்கொண்டேதான் திருத்தினோம். அதன்பின் நம் நண்பர்கள் வந்தால் அன்னை "வாங்க", "சாப்பிடுங்க" என்ற இரு சொல்லுக்கு மேல் பேசியதில்லை. அதை அடக்கம் என்றே எண்ணிவந்தோம்.

மாணவியிடம் அன்று நாம் விடை சொல்லவில்லை. இரவில்தான் பிடிபட்டது. 'இருக்கிறது' என்பதை ஊர் உலகமெல்லாம் 'இருக்கு' என்கிறது. அதைப் பிழையென்று யாரும் சொல்வதில்லை. அதே குறுக்கந்தானே 'என்கிறது' 'எங்கு' ஆவதும்? 'கடுக்கிறது' 'கடுக்கு' ஆவதும்? ஒரு விதி சென்னை வரை சென்றால் வழக்கு, சிவகிரியில் நின்றால் கொச்சை! கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இலேயே கொண்டுவந்துவிட்டார். அந்நூலை நாம் படித்ததுண்டு, தேர்வில் குறிப்பு வரைந்ததுண்டு. அதை நம் வீட்டு அடுக்களையோடு சேர்த்து எண்ணவில்லை, அவ்வளவே.

மறுநாள் காலையில் மாணவி அடுக்களையில் அமர்ந்து அன்னையிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். நாம் முன்னறையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு கேட்டிருந்தோம். தம் தந்தையார் வயலில் பாம்பு கடித்து இறந்ததையும், அவ்வாண்டுமுதல் புற்றுமண் வாங்கி வைக்கும் வழக்கம் தொடங்கியதையும் அன்னை சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழாசிரியராயிருக்கும் மகனுக்கு அது புதிய செய்தி.

(எட்டு வாரத்தில் ஒருவர் தமிழறிஞராகிவிடுவார் என்று நாம் சொல்லவில்லை. அம்மாணவிக்கு யாப்பும் தெரியாது, ஆகுபெயரும் தெரியாது. லகர ளகரமும் தடுமாறின.)

அடுத்த பருவத்தில் நம் மாணவர்க்கு ஓர் ஒப்படைப்பு தந்தோம்: வீட்டு மூத்தவர் ஒருவரைப் பத்து நிமிடம் பேசவைத்துப் பதிவுசெய்க, ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதித் தருக. 5 மதிப்பெண். பாடத்திட்டத்தில் இதற்கு இடமேது என்று உடன் பணிபுரிவோர் கேட்டனர். கட்டுரை எழுதுதல் என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டோம்.

புளியங்குடிப் பக்கத்து மாணவர் ஒருவர் முதலில் கொணர்ந்து தந்தார். அழகிய கையெழுத்து, சந்திப்பிழை ஒன்றுகூட இல்லை. எலுமிச்சைத் தோட்டத்தில் களையெடுக்கும் அவருடைய பாட்டி, முழங்கால் வலியால் இரவில் 'உறக்கம் வரமாட்டேன் என்கிறது' என்று கூறியிருந்தார்.